பச்சை அம்பு

"அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்" என்று தண்டபாணி வராந்தாவில் யாரிடமோ ஃபோனில் சொன்னது காதில் விழுந்தபோது பூங்கோதையின் இரண்டு கண்களும் மைக்ராஸ்கோப்பில் இருந்தன. அவள் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் கேட்டுவிட்டதாக ஆகிவிடும், கேட்டுவிட்டால் எழுந்துபோய் ஏதாவது செய்தாக வேண்டும், அதனால் கேட்காதவள் மாதிரி ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே இருந்தாள். அவள் என்றால் யார்? இந்த லேபில் அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். டெக்னீஷியன் நித்யகலாவை அந்தப் பொண்ணு என்றுதான் சொல்வார். ஆக, அவள் என்றால் இவள்தான். தெரியவும் வேண்டாம். அந்த 'வும்' தான் குத்தியது. தெரியாமல் இருப்பது ஒன்று, தெரியாமலே வைத்திருப்பது வேறு. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இந்த லேபைப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரம்பித்த நாளிலிருந்து இருவரும் ஒரே வேலையைத்தான் செய்து வருகிறார்கள். பொள்ளாச்சியின் ஆஸ்பத்திரிகள் வெட்டி அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் வைத்துச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்த்து, கட்டி நல்லதா கெட்டதா என்று சொல்வது. ஒளித்துவைக்க இடமே இல்லாத வேலை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது கையில் இருக்கும் ஸ்லைடே அவளுடையது அல்ல. அவருடைய தட்டிலிருந்து, அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போன பிறகு, தான் எடுத்தது. நேற்றுச் சாயங்காலம் அவர் பார்த்து, கேன்சர் இல்லை என்று சொல்லி, நித்யகலா ரிப்போர்ட் டைப் செய்து வைத்த ஸ்லைடு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை எதற்காகத் தான் எடுத்துப் பார்க்கிறோம்? சும்மாதான். சும்மா யாரும் புருஷனின் சட்டைப் பையில் கைவிடுவதில்லை.

நாலு மடங்கு காட்டும் லென்ஸில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஊதாவும் இளஞ்சிவப்புமாக, வானத்திலிருந்து பார்க்கிற ஊர் மாதிரி. முதல் வருஷக் கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த மைக்ராஸ்கோப் ஒற்றைக் கண் வைக்கிற பழைய பித்தளைக் குழாய். விளக்குக்கூடக் கிடையாது, அடியில் ஒரு கண்ணாடி, அதை ஜன்னல் பக்கம் திருப்பிச் சூரியனைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். மேகம் வந்தால் பாடமும் போய்விடும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த தண்டபாணி எட்டி அவளுடைய கண்ணாடியைத் திருப்பிவிட்டதுதான் அவர்களுக்குள் நடந்த முதல் சங்கதி. ஸ்லைடை இடதுபக்கம் தள்ளினால் படம் வலதுபக்கம் ஓடியது. மேலே தள்ளினால் கீழே வந்தது. "என்னங்க இது, எல்லாம் தலைகீழா ஓடுது" என்று அவள் அழாத குறையாகக் கேட்டபோது, "அடியில இருக்கிற லென்ஸ் குழாய்க்குள்ள ஒரு படத்தைத் தலைகீழாத் தொங்கவிடுதுங்க. கண்ணு வைக்கிற லென்ஸ் அந்தப் படத்தைத்தான் இன்னும் பெருசாக் காட்டுது. நாம பாக்கறது பொருளையே இல்ல, படத்தோட படத்தை" என்று சொன்னார். அடியில் நாலு மடங்கு, கண்ணருகே பத்து மடங்கு, பெருக்கினால் நாற்பது. அடி லென்ஸ் நாற்பது என்றால் நானூறு. இந்தக் கணக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தலைகீழாக ஓடுவதற்குக் கை தானாகவே பழகிக்கொண்டது, இப்போதெல்லாம் வலதுபக்கம் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் யோசிக்காமலே விரல் மாற்றித் தள்ளுகிறது. ஆனால் படத்தின் படம் என்பது மட்டும் எங்கோ தங்கிவிட்டது. வியாழக்கிழமை தோறும் கோயம்புத்தூர் போகிறார். டாக்டர்கள் கூட்டம் என்கிறார். காரை எடுப்பதில்லை, டிராஃபிக்கில் ஓட்ட அலுப்பாக இருக்கிறது என்று பஸ்ஸில் போகிறார். ஊர்மிளா கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஊர்மிளாவும் இவர்கள் வகுப்புதான், இதே வேலைதான், புருஷனைப் பிரிந்து தனியாகப் பெரிய லேப் நடத்துகிறாள். போன மாதம் ஒரு ராத்திரி சாப்பாட்டு மேசையில் இவர் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார், உள்ளே ஒரு பெண் குரல் நிறுத்தி நிறுத்திப் பேசியது. எழுதி அனுப்ப முடியாத அளவுக்கு அப்படி என்ன குரலில் சொல்ல வேண்டியிருக்கிறது?

லென்ஸைப் பத்துக்குத் திருப்பினாள். டக்கென்று அந்தப் பழக்கப்பட்ட சத்தம். மார்புச் சதைத் துண்டு. பெயர் வேலுமணி, முப்பத்தி நாலு வயது, கயிறு மில்லில் வேலை. காலையில் படியேறி வரும்போது கவுன்டர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று, "டாக்டரம்மா, எனக்கு ரிசல்ட்டு ஆச்சுங்களா? மில்லுல அரை நாள்தானுங்க லீவு குடுத்திருக்காங்க" என்று கேட்டாள். விரல்களில் தேங்காய் நார் அறுத்த கோடுகள். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள், கேட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பதிலை வாயிலிருந்து எதிர்பார்க்காமல் கன்னத்திலிருந்தும் புருவத்திலிருந்தும் எடுக்கப் பார்க்கிறவள் மாதிரி. பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மத்தியானத்துக்குள்ள ஆயிரும்மா, உக்காருங்க" என்று உள்ளே வந்துவிட்டாள். தண்டபாணி இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பேசும்போது காதைப் பார்க்கிறார், இல்லையென்றால் தோளுக்கு மேலே சுவரில் எங்கோ பார்க்கிறார். பொய் சொல்கிறவர்கள் நேராகப் பார்க்க மாட்டார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவள் புது மூக்குக்கண்ணாடி போட்டு வாரம் ஓடிவிட்டது. நித்யகலா முதல் நாளே, "மேடம், ஃபிரேம் சூப்பரா இருக்கு" என்றாள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பதுக்குத் திருப்பினாள். படம் மங்கி, ஃபோகஸ் திருகியதும் திடீரென்று செல்கள் எழுந்து முன்னால் வந்தன.

நார்த்திசுவுக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் நசுங்கி, கோணலாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. சில இடத்தில் குழாயே இல்லை, இரண்டு மூன்று செல்கள் வரிசை கட்டி நாருக்குள் புகுந்து போகிற மாதிரி. நல்ல குழாய் என்றால் உள்வரிசைச் செல்களுக்கு வெளியே சுற்றிலும் இன்னொரு வரிசை இருக்க வேண்டும், வேலி மாதிரி. அந்த வேலி இருந்தால் பயமில்லை. வேலி போய்விட்டால் கேன்சர். இங்கே வேலி எங்கே? தேடினாள். ஒரு குழாய்க்கு இருக்கிற மாதிரி இருந்தது, அடுத்ததற்கு இல்லை. அதற்கடுத்ததில் இருப்பது வேலியா, நசுங்கிய நாரின் நிழலா? அடியிலிருந்து வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் வளையத்தைச் சுருக்கினாள். உடனே எல்லா ஓரங்களும் கறுப்பாகக் கூர்மையாகிவிட்டன. இது தப்பான கூர்மை என்று அவளுக்குத் தெரியும். வளையத்தைச் சுருக்கினால் இல்லாத ஓரம்கூட இருக்கிற மாதிரித் தோன்றும், மாணவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. தெரிந்தும் அப்படியே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கெட்டதாகத்தான் தெரிந்தது. கெட்டதாகத் தெரிந்ததில் ஒரு துளி, ஒரே ஒரு துளி, நிம்மதி இருந்ததை அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி வளையத்தைத் திறந்துவிட்டாள்.

நூறாம் லென்ஸுக்குப் போக ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்று இருந்தால் சிதறிப்போகிற வெளிச்சத்தை அந்த எண்ணெய் பிடித்து உள்ளே அனுப்பும். சொட்டு விட்டாள். ஆயிரம் மடங்கு. ஒரு செல்லின் கரு மட்டுமே பாதி வட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் புள்ளிகள், அதன் ஓரம். இதற்கு மேல் இந்த வெளிச்சத்தால் போக முடியாது. மேலே இன்னும் லென்ஸ் அடுக்கலாம், படம் பெரிதாகும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது, இரண்டு புள்ளி ரொம்ப நெருங்கி நின்றால் வெளிச்சத்துக்கு அவை ஒன்றுதான். மேற்படிப்பின்போது சென்னையில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டக் கூட்டிப்போனார்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தூண், வெளிச்சமே கிடையாது, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு எலெக்ட்ரானைப் பாய்ச்சுவார்கள், லென்ஸுக்குப் பதில் காந்தம். பச்சைத் திரையில் ஒரு செல்லின் சுவரே கோட்டை மதில் மாதிரித் தெரிந்தது. ஊர்மிளாதான், "இதுல போட்டுப் பாத்தா எந்தப் புருஷனும் தப்ப முடியாது" என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். ஊர்மிளா. தண்டபாணியும் சிரித்தார். எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார்? எத்தனை இருட்டறைகளில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! காச நோய்க் கிருமிகள் மினுங்குகிற ஃப்ளோரசென்ஸ் மைக்ராஸ்கோப் அறையில் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கறுப்புக்குள் பச்சைப் பொட்டுகள் எரியும், யார் கை யார் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? சீ. இத்தனை வருஷத்துக்குப் பின்னால் போய் இருட்டைத் தோண்டுகிறோமே. ஒரு சொல்லை எடுத்து நாலு மடங்கு, பத்து மடங்கு, நாற்பது மடங்கு என்று பெரிதாக்கிக்கொண்டே போகிறோம். தெரியவும் வேண்டாம். ஆயிரம் மடங்கு. இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

எண்ணெயைத் துடைக்க ஸ்லைடை வெளியே எடுத்தபோதுதான் அந்த மைப்புள்ளியைப் பார்த்தாள். திரும்ப வந்து பார்க்க வேண்டிய இடத்தில் கண்ணாடிமேல் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது இந்த வேலையில் எல்லோருடைய பழக்கமும். தண்டபாணியின் புள்ளி குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், வேண்டிய இடத்தின் ஓரத்தில் அப்படியே உட்காரும், அதைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். இந்தப் புள்ளி மிளகளவு பெரிதாக இருந்தது. அதுவும் சதையின்மேல் இல்லை. சதையை விட்டு விலகி வெறும் கண்ணாடியில் கிடந்தது. அவருடைய தட்டிலிருந்து இன்னொரு ஸ்லைடை எடுத்தாள். அதிலும் புள்ளி வெளியே. இன்னொன்று. பாதி உள்ளே, பாதி வெளியே. அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கீழே ரோட்டில் தேங்காய் லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டே டிங் டிங் என்று அடித்தது. அன்றொரு நாள் அவர் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். ஆபீஸ் சாவியைப் பூட்டின் பக்கத்தில் குத்திக்குத்தித் துழாவினார். காரை விட்டுவிட்டார். செய்தியைப் படிப்பதில்லை, ஃபோனைக் காதில் வைத்துக் கேட்கிறார். இரண்டு தலை மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்கும்போது, பார்க்க வேண்டியதை ஒருநாளும் நடுவில் வைப்பதில்லை, இடதுபக்கம் ஓரமாகத் தள்ளித்தள்ளி வைக்கிறார், அவள்கூட "ஏனுங்க, நடுவுல வைங்க, கழுத்து வலிக்குது" என்று சிணுங்கியிருக்கிறாள். இத்தனை நாள் ஊர்மிளாவைச் சுற்றி அடுக்கிவைத்த ஒவ்வொரு கல்லும் தானாக எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. மனம் முதலில் லேசானது. பெண் இல்லை, கண்தான். உடனே பாறையாகக் கனத்தது. அப்படியானால் இந்த ஸ்லைடுகளை யார் பார்த்தது? போன மாதத்து ஸ்லைடுகளை? இல்லை இல்லை என்று எழுதி அனுப்பிய அத்தனை பேரும் இப்போது எந்தெந்த வீட்டில் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

மேசைமேல் ஃபோன் அடித்தது. சர்ஜன் முபாரக். "என்னங்க டாக்டர், வேலுமணி ரிப்போர்ட் என்னாச்சு? சார் நேத்தே ஒண்ணுமில்லைன்னாரு. கையெழுத்து வந்தா நான் தையலப் பிரிச்சு அனுப்பிருவேன். இல்ல வேற மாதிரின்னா மார்பை எடுக்கற பேச்சை இன்னைக்கே ஆரம்பிக்கணும். அந்தப் பொண்ணுக்கு மாமியாரு வேற ஒத்துக்கணும்." பூங்கோதையின் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. வேற மாதிரிதான். சொல்லிவிட்டால் முடிந்தது. "கொஞ்சம் பொறுங்க டாக்டர். நான் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். "சார் பாத்ததையா?" என்று முபாரக் கேட்டார். அந்தக் கேள்வியில் ஏதாவது இருந்ததா? இவருக்கும் தெரியுமா? ஊருக்கே தெரிந்து தனக்கு மட்டும்தான் தெரியாதா? "ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கறது வழக்கம்தானே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தண்டபாணி உள்ளே வந்தார். வாசல் நிலையை விரலால் தொட்டுவிட்டு வந்தார். அதையும் இப்போதுதான் பார்க்கிறாள். இல்லை, தினமும் பார்த்ததுதான், இப்போதுதான் தெரிகிறது. "யாருங்க ஃபோன்ல?" என்றாள். "ஒரு கம்பெனிக்காரன். சாயம் விக்கறவன்" என்றார் அவள் காதைப் பார்த்து. பொய். சரி. "ஒரு ஸ்லைடு குழப்பமா இருக்கு. வந்து பாக்கறீங்களா?" இரண்டு தலை மைக்ராஸ்கோப்பில் நாற்பதாம் லென்ஸில் வைத்திருந்தாள். அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கண்ணை வைத்தார். அவருடைய சட்டையிலிருந்து காலையில் தேய்த்த சூட்டு வாசனை வந்தது, அவளே தேய்த்தது. இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்துக்குள் குனிந்திருந்தார்கள். இந்த மைக்ராஸ்கோப்பில் ஒரு பச்சை அம்பு உண்டு, சின்ன விளக்கு. ஒருவர் நகர்த்தி ஒரு செல்லின்மேல் நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்கும் அங்கேயே தெரியும். அவள் கை அந்த ஸ்விட்சின்மேல் போய் இருந்தது. அழுத்தவில்லை. நீ என்ன செய்கிறாய் என்று அவளுக்குள் ஒருத்தி கேட்டாள். திருடனைப் பிடிக்கிறாயா?

"அம்பு நிக்குதுல்ல, அந்தச் செல்லைப் பாருங்க" என்றாள். "அதோட கரு எப்படி இருக்கு?"

அவர் ஸ்லைடை லேசாக இடதுபக்கம் தள்ளினார். நிறுத்தினார். "ம். கொஞ்சம் பெருசுதான். ஆனா ஒழுங்கா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அம்பே இல்லாத வெளிச்சம் அவள் கண்ணில் வட்டமாக நின்றது. பிடித்துவிட்டாள். பிடித்தவளின் சந்தோஷம் எங்கே? எதிரே அவர் இன்னும் கண்ணை எடுக்கவில்லை.

"அம்பை நீ போடவே இல்ல, இல்லையா?" என்றார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஸ்விட்ச் சத்தம் கேக்கல. பதில் சொன்னதுக்கு அப்பறம்தான் அது உறைச்சுது." அவர் நிமிர்ந்தார். "எத்தனை நாளாச் சோதிக்கிற கோதை?"

"நீங்க எத்தனை நாளா மறைக்கிறீங்க?"

பங்குனியிலிருந்து என்றார். வலது கண் முன்னாலேயே போய்விட்டதாம், ஒரு கண் போனதே தெரியாமல் இன்னொன்றால் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அதிலும் வந்த பிறகுதான் தெரிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் மட்டும் சாம்பல் பூசின மாதிரி ஒரு வட்டம், எதைப் பார்க்கத் திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்பி அதை மூடிவிடும். கோயம்புத்தூரில் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், இருப்பது போகாமல் இருக்க. போனது வராது. "உன் முகம் தெரியணும்னா உன் காதைப் பாக்கணும்" என்று ஏதோ சில்லறை விஷயம் மாதிரிச் சொன்னார். "புதுக் கண்ணாடி போட்டிருக்க. கறுப்பு ஃபிரேம். கேட்டா, நேராப் பாருங்கன்னுவ. அதான் கேக்கல."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, தலை முதல் கால் வரை. "ரிப்போர்ட்? பங்குனியில இருந்து போன ரிப்போர்ட் எல்லாம்?"

"ஒண்ணுகூட நான் மட்டும் பாத்துப் போகல. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பெட்டியோட ஊர்மிளாகிட்டக் கொண்டு போனேன். அவ பாத்து, ஃபோன்ல பேசி அனுப்புவா. அதுக்கப்பறம்தான் கையெழுத்து. இந்த ஒண்ணுக்குத்தான் முபாரக் அவசரப்படுத்தினாரு. சாயங்காலப் பஸ்ஸுல அனுப்பட்டுமான்னு இப்ப அவகிட்டத்தான் கேட்டுட்டு இருந்தேன்."

இருபதடி தூரத்தில் தான் உட்கார்ந்திருக்க, ஸ்லைடுகள் பஸ் ஏறி நாற்பது கிலோமீட்டர் போய் வந்திருக்கின்றன. வேறொரு பெண் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காதோ? "ஏன், நான் பாக்க மாட்டனா? எனக்குக் கண்ணில்லையா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது, வெளியே நித்யகலாவின் கண்ணாடிக் குடுவைச் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தது.

"அவ பாத்தா ஸ்லைடை மட்டும் பாப்பா" என்றார் தண்டபாணி. "நீ பாத்தா என்னையும் பாப்ப. ஒவ்வொண்ணுலயும் நான் எங்க தப்பு பண்ணிருக்கேன்னு தேடுவ. வேணும்னு இல்ல. பயத்துல. எனக்கு அது தாங்காதுன்னு தோணுச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. வளையத்தைச் சுருக்கிக் கறுத்த ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே விழுந்த அந்த ஒரு துளி. அதை அவர் எங்கிருந்து பார்த்தார்? ஆனாலும் ஸ்லைடு ஸ்லைடுதானே. மனிதர்களுக்கு என்ன ஆனாலும் கண்ணாடியில் ஒட்டியிருப்பது மாறாது. "இதுல தப்பு இருக்குங்க" என்றாள். "இது கேன்சர். வெளிவரிசைச் செல் எங்கயுமே இல்ல. நாருக்குள்ள நுழையுது. நீங்க இல்லைன்னு சொல்லிருக்கீங்க."

"எந்த லென்ஸுல பாத்த?"

"நாப்பதுல. நூறுலயும்."

"நாலுல?"

"முதல்ல பாத்தேன்." பார்த்தாளா? வானத்திலிருந்து பார்க்கிற ஊர் மாதிரி அழகாக இருந்தது, அப்போது காது வராந்தாவில் இருந்தது, கல்லூரி ஞாபகம் வந்தது, ஊர்மிளா வந்தாள், லென்ஸைத் திருப்பிவிட்டாள்.

"எனக்கு இப்ப நாலு மட்டும்தான் கொஞ்சம் உதவுது" என்றார் அவர். "உள்ளுக்குள்ள இருக்கிறது எதுவும் தெரியல. ஓரம் தெரியுது. நீ கீழ இறக்கி ஓரத்தை மட்டும் பாரு. செல்லைப் பாக்காத."

செல்லைப் பார்க்காதே என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்கிறவருக்குக் கண் தெரியாது. இறக்கினாள், அதுவும் நிரூபிக்கத்தான், நாலிலும் கெட்டதாகவே தெரியும் என்று காட்டத்தான். வட்டத்துக்குள் ஊதாத் திட்டு ஒன்று வந்தது. அதன் விளிம்பின் மேலேயே கண்ணை ஓட்டினாள். கேன்சர் என்றால் விளிம்பு கிழிந்திருக்கும், பக்கத்துக் கொழுப்புக்குள் விரல் விட்ட மாதிரி நீண்டிருக்கும். இது நீளவில்லை. உருண்டையாக இருந்தது. ஒரு கொத்து, அதைச் சுற்றி ஒரு எல்லை, பக்கத்தில் இன்னொரு கொத்து, அதற்கும் ஒரு எல்லை. பால் சுரக்கிற கொத்து தன் இடத்தை விட்டு நகராமல், உள்ளேயே நார் கெட்டிப்பட்டுக் குழாய்களை நசுக்கி வைத்திருக்கிறது. நடுவில் நெரிசல், ஓரத்தில் நசுங்காத குழாய்கள் இன்னும் வாய் திறந்து நிற்கின்றன. அந்த ஓரத்துக் குழாய் ஒன்றை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி நாற்பதுக்குப் போனாள். வேலி இருந்தது. மெலிந்து, தட்டையாகி, இருந்தது. அங்கிருந்து அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு நூல் மாதிரித் தெரிந்துகொண்டே வந்தது. பாடப் புத்தகத்தில் கேன்சர் மாதிரி ஏமாற்றும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிற சங்கதிதான். மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முபாரக்கிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால்? வேலுமணியின் மார்பு. மாமியார் ஒத்துக்கொள்வது. உள்ளங்கை இரண்டையும் புடவையில் துடைத்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். சொன்னவுடனே அடுத்தது வந்து நின்றது. சரிதான், ஆனால் பார்த்துச் சொன்னாரா? முப்பத்தி நாலு வயது, நகர்கிற கட்டி, பத்தில் எட்டு நல்லதாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சரியாக வந்திருக்குமே. இதைக் கேட்கலாமா? கேட்டால் ஆமாம் என்பார், இல்லை என்பார், எதுவாக இருந்தாலும் அதையும் எடுத்து லென்ஸுக்கு அடியில் வைக்கத் தோன்றும். காதைப் பார்க்கிற அந்தப் பார்வையால் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தன் முகம் அவருக்குத் தெரிகிறது. எந்த அளவுக்கு?

"வெளிவரிசையை மட்டும் பழுப்பாக் காட்டற அந்தச் சாயம் போட்டுப் பாத்தரலாம்" என்றாள். "ஊர்மிளாகிட்ட இருக்கு. நானே ஃபோன் பண்றேன்."

"இன்னும் நம்பிக்கை வரலியா?"

"உங்க மேல இல்லீங்க. இன்னைக்கு என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். அவள் கையெழுத்துப் போடத்தான் எடுக்கிறார் என்று நினைத்தாள். அதை மூடியோடு மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில், அவள் பக்கமாக வைத்தார். கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார், மேசை விளிம்பில் உருளப் போனதை அவள் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீயே போட்டுரு" என்றார். "நான் டீ சொல்றேன்." எழுந்தார், நிலையைத் தொட்டார், போனார். பெரிய சங்கதி ஒன்று முடிந்துபோகிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நித்யகலாவிடம், "சர்க்கரை கம்மியா, பொண்ணு" என்று சொல்வதுதான் கேட்டது.

பூங்கோதை முபாரக்குக்குப் பேசினாள். கேன்சர் மாதிரித் தெரியவில்லை, ஒரு சாயம் பாக்கி, இரண்டு நாள் பொறுக்கட்டும் என்றாள். பிறகு கவுன்டருக்கு வெளியே போனாள். சாரல் அடித்து வராந்தாவின் பாதி நனைந்திருந்தது. வேலுமணி பெஞ்சின் காய்ந்த நுனியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

"பயப்படற மாதிரி இல்லம்மா. நல்ல கட்டிதான். இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் கோயம்புத்தூர்ல போட்டுப் பாத்துட்டு எழுத்துல தர்றோம்."

வேலுமணியின் முகம் மலரவில்லை. "நல்லதுன்னா இன்னொரு டெஸ்ட்டு எதுக்குங்க?" என்றாள். "ஒளிக்காமச் சொல்லுங்க டாக்டரம்மா. எங்க அண்ணிக்கும் இப்படித்தானுங்க மொதல்ல ஒண்ணுமில்லைன்னாங்க. பெரிய டாக்டர் பாத்தாருங்களா, நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு பேரும் பாத்தோம்."

வேலுமணி ஒரு எட்டு முன்னால் வந்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்து, புருவம், கண், கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாக அவளைப் பார்த்தாள். காலையில் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. சாரல் அவளுடைய புதுக் கண்ணாடியில் பொட்டுப்பொட்டாக விழுந்தது, துடைக்கவில்லை. அந்தப் பெண் பார்த்து முடிக்கட்டும் என்று பூங்கோதை அசையாமல் நின்றாள்.